ஏகமனதாக

"ஏகமனதாக" என்று தலைவர் வாசித்தபோது அவள் மைக் பொத்தானை அழுத்தினாள்.

மைக்கின் விளக்கு எரியவில்லை.

மேசைகளைத் தட்டத் தொடங்கியிருந்தார்கள். மாநில நிதியமைச்சர்கள் எல்லோரும் தலைநகரில் கூடியிருந்த மண்டபம். அவளும் ஒரு மாநிலத்தின் நிதியமைச்சர்.

தீர்மானம் சின்னதுதான். எரிபொருள் வரியில் ஒரு பகுதிக்கு இனி செஸ் என்று பெயர். வரி என்றால் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு. செஸ் என்றால் முழுவதும் மத்திய அரசுக்கு. பெட்ரோல் போடுகிறவனுக்கு ஒரு பைசா குறையாது.

தேநீர் இடைவேளையில், தலைமை வகித்த மத்திய அமைச்சர் அவளருகே வந்து அன்பாக விசாரித்திருந்தார். உங்கள் ஊரைக் கடல் அரிக்கிறதாமே. கரையோரத்து முதல் வரிசை வீடுகள் போய்விட்டனவாமே. அலையைத் தடுக்கத் தூண்டில் வளைவு கேட்டு அவள் அனுப்பிய கோப்பு தன் மேசைக்கு வந்துவிட்டது என்றார். மிச்சத்தைச் சிரிப்பில் விட்டுவிட்டார்.

இரண்டாம் வரிசையில் அவள் அண்ணன் வீடு.

அவள் எழுந்தாள். பின்னாலிருந்த நிதிச் செயலர் வேண்டாம் என்பதுபோல் இருமினார்.

மீன் ஏலம் கூவிய குடும்பம். குரலுக்குப் பஞ்சமில்லை.

"அந்த வார்த்தைய எடுங்க. நாங்க ஒத்துக்கல. எதிர்ப்பு ஒண்ணுன்னு எழுதுங்க."

முதலில் தமிழில்தான் வந்தது. பிறகு அவர்களுக்குப் புரிகிற மொழியிலும் சொன்னாள்.

தட்டிய கைகள் நின்றன.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். உங்கள் ஊரின் நிலைமையில், என்று மெதுவாகத் தொடங்கினார்.

ஊர்க் கதையைத் தேநீரோடு பேசி முடித்துவிட்டோம் என்றாள்.

எதிர்ப்பு ஒன்று என்று பதிவானது. தீர்மானம் நிறைவேறியது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் போனில் கூப்பிட்டான். எல்லா டி.வி.யிலும் அவள் முகம்தான் ஓடுகிறது என்றான். அவன் குரலுக்குப் பின்னால் அலை இரைந்தது.

"தூண்டில் வளைவு இனி வராதுல்லா?"

"வராதுண்ணே."



"சரி, ஜெசிந்தா. சாமான எடுக்க ஆரம்பிக்கேன். எங்கள நெனச்சு நீ அங்க தல குனிஞ்சிராத."

அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு மண்டபத்துக்குத் திரும்பினாள்.

எல்லோரும் வந்து அமர்ந்தார்கள். தலைவர் அடுத்த தீர்மானத்தை எடுத்தார்.

அவள் உட்காரவில்லை.