ரீனாவின் பலூன் துப்பாக்கி

“முதல்ல பத்து பலூனும் உடையட்டும். அப்புறம் நீ கேக்க நெனைச்சதக் கேளு” என்று ஜுஹு கடற்கரையில் பலூன் சுடும் கடை வைத்திருக்கும் ரீனா சொல்லி ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஞாயிறுதோறும் சுட்டுத் தோற்ற ஜெப்ரிக்குக் கல்யாணப் பேச்சு தொண்டையிலேயே நின்றது.

குறி பார்க்கத் துப்பாக்கி முனையில் இருக்கும் குறிமுள் வேண்டுமென்றே கோணலாக வைத்தது. எல்லோரும் ஜெயித்தால் பொம்மை கொடுத்தே கடை காலியாகிவிடும்.

ஒருநாள் தாராவியில் அவன் லேத் பட்டறைக்கு ரீனாவே துப்பாக்கியோடு வந்தாள்.

“வீட்ல குறிமுள்ளக் கழத்தி மாட்டினேன். தப்பான ஸ்க்ரூவ முறுக்கி, துப்பாக்கி உடம்புல மரையே போச்சு. நீயே பாத்து சரி பண்ணு.”

முள்ளை நேராக்கிவிட ஜெப்ரியின் கை துறுதுறுத்தது. ஆனால் அவள் பிழைப்பாயிற்றே. புது மரை வெட்டி, பழைய கோணலை இம்மியும் பிசகாமல் வைத்துக் கொடுத்தான்.

அந்த ஞாயிறும் இரண்டே பலூன்தான் உடைந்தது.

“பழையபடியேவா மாட்டினே?” என்றாள் ரீனா.

“உன் பொழப்பக் கெடுப்பேனா?”

“மண்டு. நீ நேராக்குவேன்னுதான மரையவே கெடுத்தேன்.”

சேலையிலிருந்த ஊக்கைக் கழற்றி, மிச்சமிருந்த எட்டையும் வரிசையாகக் குத்தினாள்.

“பத்தும் உடைஞ்சாச்சு. கேளு.”

“என்னைக் கட்டிக்கிடுதியா, ரீனா?” என்றான் ஜெப்ரி.