தங்க எழுத்துப் பெட்டி

சகலை வீட்டுக் கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து தையல்காரருக்கு வயிறு எரிந்தது.

"பாடுறவ மூச்சு வாங்குறதுகூடக் கேக்குது! நம்ம வீட்டுல அவளே ஜலதோஷம் புடிச்ச மாதிரி பாடுறா," என்றாள் மனைவி. "எதுலயும் அக்கா வீட்டுக்காரர் ஒரு படி மேலதான்."

அந்தக் கடைசிப் பேச்சுதான் ஊசியாய் இறங்கியது.

சத்தத்தைத் தெளிவாக்கும் ஆடியோ கன்வெர்ட்டரைச் சகலை கண்ணில் காட்டவே இல்லை. அது கம்ப்யூட்டருக்குப் பின்னால் எங்கோ கிடந்தது. அதன் அட்டைப்பெட்டி என்று ஒன்றை மட்டும் தங்க எழுத்துத் தெரியும்படி கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார். "ரொம்ப ஒசத்தி, தம்பி. உங்களுக்குக் கட்டுப்படியாகாது," என்று தோளை வேறு தட்டினார்.

மறுநாள் தையல்காரர், சகலை அதை வாங்கிய கடைக்கே போனார்.

"என் சகலை இங்கதான் கன்வெர்ட்டர் வாங்கினார். அவ்வளவு ஒசத்தி நமக்கு வேணாம். ஆனா அவர் வீட்டு மாதிரியே கேக்கணும். வழியிருக்கா?"

கடைக்காரர் தீப்பெட்டி அளவுக்கு ஒன்றை எடுத்து வைத்தார். "இருக்கிறதுலயே விலை கம்மி. அச்சு அசலா அவர் வீட்டு மாதிரியே கேக்கும்."

"அதெப்படி?"

"அவர் வாங்கினதும் இதுதானே! ஒசத்திக் கம்பெனியோட காலி டப்பா ஒண்ணு வேணும்னு கெஞ்சி வாங்கிட்டுப் போனார்."

தையல்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எரிந்த வயிறு குளிர்ந்துவிட்டது. வாங்கியதைப் பையில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவர், திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏங்க, அதைவிட ஒசத்தியா ஒரு காலி டப்பா இருக்குமா?"