கோட்டுக்கு இந்தப் பக்கம்

வண்டிக் கடன் கேட்டுப் போன மோனிஷாவை வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "இதுவரைக்கும் கடனே வாங்கினதில்லையா? அப்புறம் எதை வச்சும்மா உன்னை நம்புறது?" என்றார் அதிகாரி. சின்னதாக ஏதாவது தவணையில் வாங்கி, ஒழுங்காகக் கட்டிவிட்டு வரச் சொன்னார். இடுப்பு வலியோடு தரையில் படுக்கும் அம்மாவுக்காக அவள் ஒரு மரக் கட்டில் வாங்கினாள். அம்மா அதில் ஏறவே இல்லை. கட்டிலை ஒட்டிப் பாயை விரித்துக்கொண்டாள். "ஊரான் காசுல வந்த கட்டில்ல எப்படிடீ தூக்கம் வரும்? கடன் தீரட்டும்." மோனிஷா கெஞ்சிப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள். பாதித் தவணை முடிந்த அன்று, கட்டில் பலகையின் நடுவே சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். "இந்தப் பக்கம் நம்மளதும்மா. இதுல படு." அம்மா கோட்டையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சுவரோரமாக ஒருக்களித்துப் படுத்தாள். தூக்கத்தில்கூட அவள் விரல் கோட்டைத் தாண்டவில்லை. கடைசித் தவணை கட்டிய மதியம், மோனிஷா ஈரத்துணியால் கோட்டை அழித்தாள். "இனிமே கை கால நீட்டிப் படும்மா." வங்கிக்குக் கிளம்பியவள் வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தாள். அம்மா அதே சுவரோரத்தில்தான் ஒடுங்கிக் கிடந்தாள். கண்ணைத் திறக்காமல், காலியாக இருந்த பாதியை உள்ளங்கையால் மெல்லத் தட்டினாள். "ஒரு வருஷமா நீயும் தரையிலதானடீ கெடந்தே. வா." மோனிஷா ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றாள்.