கையைப் பிடித்திருந்தவள்

முதல் தடவை விண்ணப்பித்த பதினாறு மருத்துவக் கல்லூரிகளும் பிரிட்டாவிடம் கைவிரித்துவிட்டன. நோயாளிகளோடு பழகிய அனுபவம் போதாதாம். அதனால் ஒரு வருடம் டுலூத் துறைமுக நகரில், சாகக் கிடப்பவர்களைப் பராமரிக்கும் இல்லமொன்றில் தொண்டு செய்தாள். அங்கே ஒரு கப்பல் கேப்டனின் கடைசி மூச்சுவரை கையைப் பிடித்திருந்ததை உருக்கமாக எழுதி, மறுபடி விண்ணப்பித்தாள்.

நேர்காணலில் டாக்டர் சோல்வேக் அந்தக் கட்டுரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேர் போடலைன்னா என்ன? இரும்புத்தாது கப்பல், நெஞ்சுல பச்சை குத்தின நங்கூரம்... இது எங்கப்பாதான்."

டாக்டர் கட்டுரையை மேசைமேல் வைத்தார்.

"அன்னிக்கு ஆபரேஷன் தியேட்டர்ல மாட்டிக்கிட்டேன். தனியா செத்தாரேன்னு எட்டு மாசமா எனக்குத் தூக்கமே இல்ல. நல்லவேளை, நீ இருந்திருக்கே. ரொம்ப கஷ்டப்பட்டாரா?"

"இல்ல டாக்டர். தூங்குற மாதிரியே போயிட்டாரு."

பத்து நாளில் இடம் கிடைத்தது. வீட்டில் கேக் வெட்டினார்கள். பிரிட்டா தன் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். கேப்டனின் குரல் காதைவிட்டுப் போகவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் இரேன், பொண்ணே."

அவர் அப்படிக் கேட்டபோது, விண்ணப்பத்துக்கு வேண்டிய நூற்றைம்பது மணி நேரத் தொண்டு முடிந்திருந்தது. அவள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். சான்றிதழில் கையெழுத்து வாங்க மறுநாள் போனபோது, அந்தக் கட்டில் காலியாக இருந்தது.