தலைக்கு ஒன்று

தலைநகர் மாலேயிலிருந்து வந்த தோணி இன்றைக்கு ஒரே ஒரு வெங்காய மூட்டையைத்தான் இறக்கியிருக்கிறது. வெங்காயம் விளையும் அக்கரை நாட்டில் ஏற்றுமதியை நிறுத்திவிட்டார்களாம். வாரத்துக்கு வாரம் மூட்டை குறைந்துகொண்டே வருகிறது. மூஸாவின் கடை வாசலில் தீவே வரிசையாக நிற்கிறது. பவள மணலில் விழும் காலை வெயிலில் கண் கூசுகிறது. மூஸா மூட்டைக்குள் கையை விட்டு, அழுகலைத் தனியே ஒதுக்கி, வீட்டிலிருப்பவர்களை எண்ணித் தலைக்கு ஒன்றாகக் கொடுக்கிறான். வெங்காயச் சருகு காற்றில் பறந்து எங்கள் காலடியில் சரசரக்கிறது. “வீட்டுல ஏழு பேரா? போன வாரம் அஞ்சுதானே ஸுஹைல் அண்ணே! வெங்காயத்துக்குன்னே பெத்துக்கிட்டியா?” என்கிறான் மூஸா. வரிசை சிரிக்கிறது. எனக்கு முன்னால் நிற்கும் ஸனூபா அக்காவும் சிரிக்கிறாள். அவள் மகன் மாலேயில் டாக்ஸி ஓட்டுகிறான்; மகள் அங்கேயே கல்யாணம் கட்டிக்கொண்டாள். பெருநாளுக்குக்கூட இரண்டு பேரும் வரவில்லை. அவள் முறை வந்ததும் மூஸா எதுவும் கேட்காமலேயே மூன்று வெங்காயத்தை நீட்டுகிறான். அவள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறாள். “மூணு பேருன்னு சொல்லுக்கா. இங்க யாரு கேக்கப்போறா?” என்று குரலைத் தாழ்த்துகிறான். அவள் அந்த வெங்காயத்தின் மண்ணை முக்காட்டு நுனியால் மெதுவாகத் துடைக்கிறாள். காலையில் சூரை மீனும் தேங்காய்த்துருவலும் பிசையும்போது எல்லா வீட்டிலும் வெங்காயம் போதவில்லை என்றுதான் பேச்சு. மூஸாவின் கையில் மீதி இரண்டும் அப்படியே இருக்கின்றன. “வேணாம் மூஸா,” என்கிறாள். “இந்த ஒண்ணுலயே பாதி மீந்துபோகுது.”