இடது முட்டி

நிலவனை ஏன் அணியிலிருந்து தூக்கினார்கள் என்று தங்கராசு டீக்கடையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. நிலவனும் அங்கேதான் நின்றிருந்தான்.

கோவில்பட்டி போட்டிக்குப் போகும் ஹாக்கி அணியை செராமிக் கம்பெனி மத்தியானம் அறிவித்துவிட்டது. பின்வரிசையில் நிலவன் பெயர் இல்லை.

வயது பத்தொன்பது. நெய்வேலி ஆட்டத்தில், கோலுக்குள் போக இருந்த பந்தைத் தரையோடு விழுந்து மட்டையால் தடுத்தவன். அதில்தான் ஜெயித்தார்கள்.

“சின்னப் பையன். அவசரப்பட்டு காலை விட்டுடுறான், எதிராளிக்கு பெனால்டி கார்னர் போயிடுது” என்றார் தங்கராசு, டீத்தூளை உதறியபடி. அவரும் ஒரு காலத்தில் ஆடியவர்.

“அவசரமா? இவன் இல்லன்னா நெய்வேலியில மானம் போயிருக்கும்” என்று பெஞ்சிலிருந்து எழுந்தான் அன்புச்செல்வன். “ஆளைப் பாத்து எடுக்கிறாங்க. எவன் ஆட்டத்தைப் பாக்குறான்?”

அன்புச்செல்வன் நிலவனின் அண்ணன். அவனும் அதே அணி, அதே பின்வரிசை. முப்பதைத் தாண்டிவிட்டான். அவன் பெயர் இருந்தது.

கம்பெனியில் மண் அரைக்கும் பிரிவில் அவனுக்கு வேலை கிடைத்ததே ஹாக்கியால்தான். அணியில் இருக்கிற வரைக்கும்தான் அந்த வேலையும். கோவில்பட்டி முடிந்ததும் நிலவனுக்கும் ஒரு வேலை என்று பேச்சு இருந்தது.

“ஒருத்தரை விட்டுத்தான் ஆகணும்னா வயசானவங்கள்ல...” என்று ஆரம்பித்த கோல்கீப்பர் பச்சமுத்து, அன்புச்செல்வன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“தாராளமா சொல்லுய்யா. நானே கேட்டேன். என்னை எடுத்துட்டு அவனைப் போடுங்க சார்னு. அந்தக் கோச் காதுலயே வாங்கல.”

அண்ணன் இவ்வளவு தூரம் போயிருக்கிறான் என்று நிலவனுக்குத் தெரியாது.

கோச் ஜெயராஜ்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நெய்வேலியில் தோளைக் கட்டிக்கொண்டு, நீ இருந்தா எனக்குப் பின்னாடி பயமே இல்லடா என்று சொன்ன மனுஷன். பரீட்சைக்காக நிலவன் ஒரு வாரம் மைதானத்துக்குப் போகவில்லை. லீவு சொன்னதுகூட அண்ணன்தான். அந்த ஒரு வாரத்தில் எப்படி மறந்துவிட முடியும்?

அப்போது ஜெயராஜின் ஸ்கூட்டர் வந்து நின்றது.

“வாடா போலாம். இந்தாளு மூஞ்சியில முழிக்கவே பிடிக்கல” என்று அன்புச்செல்வன் தம்பியின் கையைப் பிடித்து இழுத்தான்.

நிலவன் நகரவில்லை. கேட்டுவிடுவது என்று நின்றான்.

ஜெயராஜ் நேராக அவனிடம்தான் வந்தார். கடையிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“முட்டி இப்ப எப்படிப்பா இருக்குது?”

நிலவனுக்குப் புரியவில்லை.

“இடது முட்டி வீங்கிப்போச்சு, இனிமே மட்டையைத் தொடக்கூடாதுன்னு பாண்டிச்சேரி டாக்டர் சொல்லிட்டாராமே. உங்கண்ணன் வந்து சொன்னப்ப எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. வெளிய தெரிஞ்சா வேற எந்த டீம்லயும் எடுக்க மாட்டாங்க, மூச்சு விடாதீங்கன்னு கேட்டுக்கிட்டான். அதான் திட்டு வாங்கிக்கிட்டு சும்மா இருக்கேன். நீயே வந்து எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ப்பா.”

நிலவன் திரும்பி அண்ணனைப் பார்த்தான்.

அன்புச்செல்வன் யாருமில்லாத ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது வரைக்கும் சிவந்திருந்தது.

ஒரு வார்த்தை போதும். உட்கார்ந்து எழுந்து காட்டினால்கூடப் போதும். ஜெயராஜ் அந்த இடத்திலேயே அணியை மாற்றிவிடுவார். எந்தப் பெயரை எடுப்பார் என்பதும் நிலவனுக்குத் தெரியும்.

“இப்ப பரவாயில்லீங்க சார்” என்றான்.

அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

ஜெயராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அன்புச்செல்வனைப் பார்த்து, “தம்பியை நடக்க விடாத. வண்டியில உக்கார வச்சு பத்திரமா கூட்டிட்டுப் போ” என்றார்.

அதற்கு மேல் நடந்து வருகிறேன் என்று சொல்ல முடியாது. நிலவன் அண்ணன் வண்டியின் பின்னால் ஏறினான். ஜெயராஜ் பார்ப்பதற்காக இடது காலை மெதுவாகத் தூக்கிப் போட்டுக்கொண்டான்.

வண்டி கிளம்பியது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. அன்புச்செல்வன் வண்டியை அணைத்தான். பக்கத்தில் லாரிகளும் ஆட்டோக்களும் வந்து நின்றன. ரயிலைக் காணோம்.

அண்ணன் ஏதாவது சொல்வான் என்று நிலவன் காத்திருந்தான். வேற வழி தெரியலடா என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால்கூடப் போதும் என்றிருந்தது.

அன்புச்செல்வன் திரும்பாமலேயே சொன்னான்.

“வூட்ல அம்மாகிட்ட கோச் மேலதான் தப்புன்னு சொல்லு. என்ன?”

நிலவன் இறங்கினான்.

வண்டிக்கு முன்னால் வந்து, அண்ணன் முகத்துக்கு நேராக ஒரு நொடி நின்றான். பிறகு தண்டவாளத்தை ஒட்டிப் போகும் மண்பாதையில் ஓட ஆரம்பித்தான்.

மைதானத்தில்கூட அவன் அப்படி ஓடியதில்லை.

அன்புச்செல்வன் கூப்பிடவில்லை. கேட் திறந்து, பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்து, வாய்விட்டுத் திட்டும் வரைக்கும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.