செட் நம்பர் 214

திரையில் மறுபடியும் அந்த எண் விழுந்தது. 214. பக்கத்தில் சிவப்பில் ‘எமர்ஜென்சி’.

“பாருங்க தம்பி, திரும்பவும் கூப்புடுறாரு.”

அண்ணி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

அவன் தலையாட்டினான்.

தொழிற்சாலையில் வாயு கசிந்து இரண்டு மணி நேரம் ஆகிறது. கேட்டில் நின்ற போலீஸ் எல்லோரையும் வீட்டுக்குத் துரத்திவிட்டது. போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். அண்ணன் தணிகாசலத்தின் போன் லாக்கரில் அடித்து அடித்து ஓய்ந்துவிட்டது.

மிச்சம் இருந்தது மொட்டை மாடி ஆன்டெனாவும் இந்தப் பழைய லேப்டாப்பும்தான். காற்றில் போகிற டிஜிட்டல் ரேடியோப் பேச்சைப் பிடித்து, பிரித்துக் கேட்பது அவனுக்கு ஒரு பைத்தியம். கம்பெனி தன் சேனலுக்குப் பூட்டுப் போட்டிருக்கவில்லை. எந்த வாக்கி-டாக்கி உயிர் பெற்றாலும் அதன் எண் திரையில் வந்துவிடும். அண்ணன் இடுப்பில் இருப்பது 214.

வேலை வெட்டி இல்லாதவன் என்று வீடே சிரித்த பைத்தியம். இன்று அண்ணி பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் அதன் முன்னால் இருக்கிறாள்.

214. எமர்ஜென்சி.

அரை நிமிடத்துக்கு ஒரு முறை. தவறாமல்.

“தெம்பு இருக்கப்போய்த்தானே அமுக்குறாரு?”

“ம்.”

தவறாமல் வருவதில்தான் அவனுக்குப் பயம்.

அண்ணனேதான் ஒருநாள் சாப்பிடும்போது சொல்லிச் சிரித்தான். புது வாக்கி-டாக்கி செட்டுகள் பொல்லாதவை. ஆள் சாய்ந்து ஒரு நிமிடம் அசையாமல் கிடந்தால் தானாகவே ‘எமர்ஜென்சி’ என்று அலறும். நிமிர்ந்தால்தான் நிற்கும். மதியம் சாப்பிட்டுக் கண்ணயர முடிவதில்லை. அதனால் எல்லோரும் செட்டைக் கழற்றி ஆணியில் நேராக மாட்டிவிட்டுத்தான் படுக்கிறார்கள்.

அண்ணி அப்போது அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது சொல்லலாம். வாய் வரவில்லை. கோழை என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டதும் அந்தக் கோழைதான்.

அவள் விரல்விட்டு எண்ணினாள். முப்பதுக்குள் சிவப்பு வந்தது. வரும்போதெல்லாம் அவள் முகம் தெளிந்தது. அதைத்தான் அவனால் பார்க்க முடியவில்லை.

ஐம்பத்திரண்டாவது முறைக்குப் பிறகு வரவில்லை.

முப்பது. நாற்பது. அறுபது.

அண்ணி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அவனுக்கோ அன்று முதல் முறையாக மூச்சு வந்தது. நின்றுவிட்டது. எழுந்துவிட்டான். அண்ணன் எழுந்துவிட்டான்!

214. பச்சை.

பச்சை என்றால் குரல். அதையும் ஆரம்பத்திலேயே அவன்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான்.

“பேசுறாரு! தம்பி, பேசுறாரு!”

அவன் ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்தினான். இந்த ரேடியோவில் எல்லாக் குரலும் தகரக் குரல்தான். அண்ணன் குரலா என்று தெரியவில்லை. அந்தக் குரலே தன் பெயரைச் சொன்னது.

“கன்ட்ரோல், நான் சேஃப்டி ஜோதிராமன். தணிகாசலம் செட்லேர்ந்து பேசுறேன். கத்திக்கிட்டே கெடந்துச்சு, நிமித்தி வச்சிட்டேன். ஆம்புலன்ஸ் மெதுவா வந்தா போதும் சார்.”

பச்சை அணைந்தது.

அண்ணி அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தாள்.

“என்ன சொல்றாரு? சொல்லுங்க தம்பி, என்ன சொல்றாரு?”

ஹெட்போனில் ஒன்றுமே இல்லை.

அவன் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பவனைப் போலக் கையை உயர்த்தி, அவளைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னான்.